தெரிந்த படம், வேறொரு இயக்குநரின் கை: ரசிகர் மறுதொகுப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தை எடுத்து, இதையே இன்னொரு இயக்குநர் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எடிட் செய்து பார்ப்பது ரசிகர்களின் பழைய விளையாட்டு. 2005-இல் 'தி ஷைனிங்' படத்தின் காட்சிகளை வைத்து, அந்தத் திகில் படத்தை ஒரு அப்பா-மகன் பாசப் படமாகக் காட்டிய ட்ரெய்லர் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. புதிதாக எதையும் படம்பிடிக்கவில்லை. வெட்டிய இடங்கள், ஒரு பின்னணிக் குரல், ஒரு துள்ளலான பாட்டு, அவ்வளவுதான். 2014-இல் ஸ்டீவன் சோடர்பர்க் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி, மூல ஒலியை நீக்கி, எலக்ட்ரானிக் இசையைப் போட்டு வெளியிட்டார். ஸ்பீல்பெர்க் ஆட்களை எங்கே நிறுத்துகிறார், ஷாட்களை எந்த வரிசையில் அடுக்குகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

இதில் இறங்குகிறவர்கள் பலரும் முதலில் கை வைப்பது கலரில். கொஞ்சம் பச்சை பூசி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து, பொருத்தமான எழுத்துருவில் டைட்டில் போட்டால் அந்த இயக்குநர் வந்துவிடுவார் என்று நம்புகிறார்கள். வரமாட்டார். எதை எவ்வளவு நேரம் பார்க்க விடுகிறார், எதைக் காட்டாமலே கடந்துபோகிறார் என்பதில்தான் ஒரு இயக்குநரை அடையாளம் காண்கிறோம். அது எடிட்டிங் டைம்லைனில், அதாவது ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டையில், கைக்கு எட்டுகிற விஷயம். அதனால் இங்கே கலர் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும்.

முதலில், அளவு

முழுப் படத்தையும் தொடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடும் ஒரே ஒரு காட்சி போதும். முழுப் படத்தை மாற்றுவது வேறு ஜாதி வேலை. 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தைச் சுமார் 20 நிமிடம் குறைத்து உருவான 'தி ஃபேண்டம் எடிட்' அந்த வகை. அங்கே நோக்கம் படத்தைச் சீர்செய்வது. நாம் பேசுவது பாணியை மாற்றுவது. ட்ரெய்லர் நடுவில் நிற்கிறது. அது எளிது, ஏனென்றால் ட்ரெய்லரில் ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு காட்சியை மாற்றினால்தான் கை பழகும்.

பொருத்தம் பார்ப்பது

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல இங்கேயும் பார்த்தாக வேண்டும். பாதி முயற்சிகள் தோற்பது இந்த இடத்தில்தான்.

எடிட் செய்பவரால் மாற்ற முடிந்தவை: ஷாட்டின் நீளம், வரிசை, ஒலி, மௌனம், வேகம், ஃப்ரேமின் விகிதம், கலர், எழுத்து. மாற்ற முடியாதவை: கேமரா நின்ற இடம், அது நகர்ந்த விதம், லைட்டிங், செட், நடிப்பு. நீங்கள் பிரதியெடுக்க நினைக்கும் இயக்குநரின் அடையாளம் இரண்டாவது பட்டியலில் இருந்தால் சிக்கல்தான்.

எல்லோரும் ஆசைப்படுவது வெஸ் ஆண்டர்சன். ஆனால் அவருடைய பாணி செட்டிலும் கேமராவிலும் இருக்கிறது. சுவருக்கு நேராக நிற்கும் கேமரா, நடுக்கோட்டில் ஆள், இரண்டு பக்கமும் சமமான பொருட்கள். தோளுக்கு மேலிருந்து எடுத்த சாதாரண உரையாடல் காட்சியை அப்படி மாற்ற எந்த மென்பொருளும் உதவாது. அவரிடமிருந்து எடுக்க முடிவது வேகமான வசனம், மேலிருந்து பார்க்கும் கைகளின் ஷாட், அத்தியாயத் தலைப்பு போன்ற சில்லறைகள். அவை மட்டும் இருந்தால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். கேலிதான் நோக்கம் என்றால் சரி.

ஹங்கேரிய இயக்குநர் பேலா டார் இன்னும் கஷ்டம். 'வெர்க்மைஸ்டர் ஹார்மனிஸ்' சுமார் 145 நிமிடப் படம். அதில் இருப்பது 39 ஷாட்கள். அதாவது ஒரு ஷாட் சராசரியாக மூன்றே முக்கால் நிமிடம். மூன்று வினாடிக்கு ஒரு கட் இருக்கும் ஆக்‌ஷன் படத்தில் அந்த நீளத்துக்கு எங்கே போவீர்கள்? நீண்ட ஷாட்டைச் சின்னதாக வெட்டலாம். சின்ன ஷாட்டை நீட்ட முடியாது. அதனால் பொதுவான விதி: மெதுவான படத்தை வேகமான இயக்குநரிடம் கொடுப்பது எளிது, எதிர்த்திசை கடினம்.

கடினம் என்றேனே தவிர முடியாது என்று சொல்லவில்லை. ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு ஒரு நல்ல வழி. அவர் காட்சிகளுக்கு நடுவில் ஆளில்லாத இடங்களைக் காட்டுவார். வராந்தா, கொடியில் காயும் துணி, புகைபோக்கி. வேகமான படத்திலும் ஒரு இடத்தை அறிமுகப்படுத்தும் வெற்று ஷாட்கள் இருக்கும். பொதுவாக அவற்றை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார்கள். அசையாத ஷாட் என்றால் ஒரு ஃப்ரேமை நிறுத்தி, அதன்மேல் லேசான கிரெய்ன் (ஃபிலிமின் பொடிப்புள்ளிகள்) ஓடவிட்டு ஆறு வினாடியாக்கலாம். அசைவில்லாத சுவரில் அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கொடார்டின் ஜம்ப் கட் இன்னும் எளிது. ஒரே ஷாட்டின் நடுவிலிருந்து துண்டு துண்டாக எடுத்து வீசினால் போதும். செர்ஜியோ லியோனி வேண்டுமென்றால் மூலப் படத்தில் நெருக்கமான முகங்கள் நிறைய இருக்க வேண்டும். குரோசாவா ஒரே கோட்டில் படிப்படியாக நெருங்கும் கட் வைப்பார். 4கே மூலம் இருந்தால் அதைப் போலியாகச் செய்யலாம். 3840×2160 படத்தை 1920×1080 டைம்லைனில் வைத்தால் இரண்டு மடங்குவரை பெரிதாக்கினாலும் துல்லியம் போகாது. ஒரே ஷாட்டை மூன்று அளவுகளில் அடுத்தடுத்து வெட்டுங்கள். கேமராவும் லென்ஸும் மாறாததால் பின்னணியின் ஆழம் அப்படியே இருக்கும், ஆனால் கட்டின் அதிர்ச்சி வந்துவிடும்.

நம் பக்கத்தில் மணிரத்னம் பாணி என்றால் உடனே சின்னச் சின்ன வசனம் நினைவுக்கு வருகிறது. அதுவும் எடிட்டுக்கு வசப்படும்: நீளமாகப் பேசும் காட்சியில் முக்கால்வாசி வசனத்தைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை முகங்களிடம் விட்டுப் பாருங்கள்.

இயக்குநரை எண்ணிப் பாருங்கள்

ரசிகராகப் பார்த்தது போதாது. அந்த இயக்குநரின் ஒரு காட்சியை எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு, ஷாட் ஷாட்டாக ஒரு அட்டவணை போடுங்கள். ஷாட் எத்தனை வினாடி, யார் தெரிகிறார், பேசுபவரா கேட்பவரா, கேமரா நகர்கிறதா, அடுத்த கட் எதனால் வந்தது. பிறகு காட்சியின் மொத்த நேரத்தை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் கிடைக்கும். பேரி சால்ட் என்ற ஆய்வாளர் இந்த முறையைப் பரப்பினார். யூரி சிவியன் 2005-இல் தொடங்கிய சினிமெட்ரிக்ஸ் திட்டத்தில் ஏராளமான படங்களுக்கு இந்தக் கணக்கு இருக்கிறது. 'தி போர்ன் அல்டிமேட்டம்' சுமார் இரண்டு வினாடி. பழைய ஹாலிவுட் படங்கள் பலவும் எட்டிலிருந்து பதினொன்று வரை.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நீண்ட ஷாட்டுக்குப் பிறகு பத்துச் சின்ன ஷாட் வந்தாலும், எல்லாம் ஒரே அளவில் வந்தாலும் சராசரி ஒன்றாகவே இருக்கலாம். பார்க்கிறவருக்கு இரண்டும் வேறு படம்.

அடுத்து, அவர் செய்யாதவற்றை எழுதுங்கள். இதுதான் உண்மையான விதிப்புத்தகம். பிற்கால ஓசுவிடம் டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்ததாக மாறுவது) கிடையாது, ஃபேட் (திரை மெல்ல இருண்டு போவது) கிடையாது. கேமரா நகர்வது மிக அரிது. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ். இருவர் பேசும்போது மற்றவர்கள் மதிக்கும் 180 டிகிரிக் கோட்டை (பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோடு; கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்பது வழக்கம்) அவர் சர்வசாதாரணமாகத் தாண்டுவார். முக்கியமான நிகழ்ச்சியைக் காட்டாமல் அதற்கு முன்னும் பின்னும் மட்டும் காட்டுவதும் உண்டு. இந்தத் தடைகளை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தத் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

மூலமும் சட்டமும்

இதைத் தாண்டிப் போக முடியாது. படத்தின் உரிமை வேறொருவருடையது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு நியாயமான பயன்பாட்டை நான்கு அளவுகோல்களால் எடைபோடுகிறது: பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் அதன் விளைவு. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம் போன்றவற்றுக்கு இடம் தருகிறது. பிரிட்டன் 2014-இல் கேலிக்கும் பாணிப் போலிக்கும் தனி விலக்கு சேர்த்தது. ஆக நாட்டுக்கு நாடு கதை மாறும். டிவிடி போன்ற வட்டில் இருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்துப் படத்தை எடுப்பது பல நாடுகளில் தனிக் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய பெயர் இருந்தாலும் தப்பிக்க முடியாது. சோடர்பர்க் 2015-இல் வெளியிட்ட '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' மறுதொகுப்பை, ஸ்டுடியோவும் குப்ரிக் குடும்பத் தரப்பும் கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டார்.

பழகுவதற்குப் பதிப்புரிமை இல்லாத படங்கள் நல்லது. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1968. வெளியிடும்போது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகிவிட்டது. அதை ஓசு எடுத்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே பிணங்கள் நடக்க, உள்ளே யாரோ அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதைத் தேர்ந்தாலும் உங்கள் நாட்டில் அதன் நிலை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்டேஜைப் பிரிப்பது

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். கேடென்லைவ், ஷாட்கட் என்றாலும் சரி. டைம்லைனின் ஃப்ரேம் வேகத்தை மூலத்தோடு ஒத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். திரைப்படங்களுக்கு அது பெரும்பாலும் 24 அல்லது 23.976. முப்பதில் வைத்துவிட்டால் நடக்கிற ஆள் விக்கிவிக்கி நடப்பார், பாதி வழியில் மாற்றுவது பெரும் தலைவலி. ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும் கோப்பு என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி கொண்டு சீராக்கிக்கொள்ளுங்கள். ரிசால்வில் காட்சி மாற்றத்தைத் தானே கண்டுபிடித்து ஷாட் ஷாட்டாக வெட்டித் தரும் வசதி இருக்கிறது. இருட்டுக் காட்சிகளிலும் டிசால்விலும் அது தவறும், கையால் திருத்துங்கள்.

இனிமேல்தான் பொறுமை தேவைப்படும். கிடைத்த ஷாட்களைக் கதை வரிசையில் அடுக்காமல், பயன்பாட்டின்படி தனித்தனிக் கூடைகளில் போடுங்கள்: கேட்கும் முகம், யோசிக்கும் முகம், வெற்று இடம், கை, கதவு, நடை, முதுகு. தேர்ந்த காட்சியை மட்டும் அல்ல, முழுப் படத்தையும் இப்படி அலசுங்கள். அதே உடையில், அதே வெளிச்சத்தில் வேறொரு காட்சியில் கிடைக்கும் ஒரு பார்வை உங்களைக் காப்பாற்றும்.

பொக்கிஷம் இருப்பது ஓரங்களில். நடிகர் வாய் திறப்பதற்கு முந்தைய பத்து ஃப்ரேம், பேசி முடித்த பிறகு உதடு மூடும் நொடி, திரும்பப் போகிறவரின் தோள். மூலப் படத்தில் அவை வசனத்தின் இரு முனையாகக் கடந்துபோயிருக்கும். அவற்றை மட்டும் தனியாக எடுத்துச் சேர்த்தால் அதே நடிகர் வேறொரு மனிதராகத் தெரிவார். நூறு ஆண்டுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் காட்டியது இதைத்தான். ஒரே முகத்தை ஒரு கிண்ண சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றோடு மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறாகப் படித்தார்கள்.

ரஃப் கட்

டைம்லைனைத் திறப்பதற்கு முன் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: புதிய இயக்குநரின் கையில் இந்தக் காட்சி யாரைப் பற்றியது? மூலத்தில் சண்டை போடும் இருவரைப் பற்றியது என்றால், உங்கள் பதிப்பில் அது மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளைப் பற்றியதாக இருக்கலாம். இந்த மாற்றம் இல்லாவிட்டால் பழைய காட்சிக்கே புதுச் சட்டை போட்டதாகத்தான் தெரியும்.

முதல் அடுக்கை ஒலியே இல்லாமல் செய்யுங்கள். இசையை முதலிலேயே போட்டுவிட்டால் தாளத்துக்கு ஏற்ப வெட்டத் தோன்றும். கட்டுக்குக் காரணமே பாட்டு ஆகிவிடும். சத்தமில்லாமல் ஓடும்போது எங்கே அலுக்கிறது, எங்கே குழப்புகிறது என்பது உடனே தெரியும்.

கன்டினியூட்டி உடையும், உடையட்டும். ஒரு ஷாட்டில் கையில் கோப்பை, அடுத்ததில் இல்லை. படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் நல்ல கட்டுக்கு ஆறு அளவுகோல்களைச் சொல்லி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். அதில் உணர்ச்சிக்கு 51 சதவீதம். இடத்தின் முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு வெறும் 4. முகத்தில் நடப்பது உண்மையாக இருந்தால் கோப்பையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வேகத்தில் விளையாட ஆசைப்பட்டால் வோங் கார்-வாயின் 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' நல்ல பாடம். அங்கே இழுபடும் அந்த ஓட்டம் சாதாரண ஸ்லோ மோஷன் அல்ல. குறைந்த ஃப்ரேம் வேகத்தில் எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் திரும்பத் திரும்ப அச்சிட்டு இயல்பான நீளத்துக்குக் கொண்டுவந்தது. அதைப் போலச் செய்ய மூன்று ஃப்ரேமுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை மூன்று முறை ஓடவிடுங்கள். நீக்கும் முன் அந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்தப் படத்தில் இருக்கும் தீற்றலும் ஓரளவு வரும். மென்பொருள் தானாக இடை ஃப்ரேம்களை உருவாக்கும் வசதியை இங்கே அணைத்துவிடுங்கள். அது எல்லாவற்றையும் வழவழப்பாக்கி இந்த விளைவையே கொன்றுவிடும்.

ஒலி: இங்கேதான் பலர் மாட்டுவது

படத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். ஆனால் வசனத்துக்கு அடியில் பின்னணி இசை ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கட்டும் காதில் இடறும். இசை திடீரென்று குதிப்பதைக் கேட்ட கணத்தில் பார்வையாளர், இது யாரோ வீட்டில் வெட்டியது என்று முடிவு செய்துவிடுவார்.

முதல் வழி, 5.1 ஒலித்தடம் (ஆறு தனித்தனி சேனல்களில் பிரிந்த ஒலி) உள்ள மூலம். வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும், இசை மற்ற சேனல்களில் பரவியிருக்கும். நடு சேனலை மட்டும் தனியே எடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டீரியோ மட்டும் இருக்கிறதென்றால் டெமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற இலவசப் பிரிப்பான்கள் குரலையும் இசையையும் ஓரளவு பிரித்துத் தரும். அவை பாட்டுக்காக உருவானவை. காலடி, கதவு, மழை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. குரலில் ஒரு உலோகச் சாயலும் ஏறும். அதை மறைக்கத்தான் அடுத்த படி.

படத்தில் யாரும் பேசாத, இசையும் இல்லாத நொடிகளைத் தேடி, அந்த அறையின் வெற்றுச் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை வினாடி கிடைத்தாலும் போதும், ஓரங்களைக் கலந்து நீட்டலாம். காட்சி முழுவதற்கும் அதை அடியில் விரியுங்கள். வெட்டுத் தழும்புகள் அதில் மறையும். பிறகு காலடி, துணி உரசல், கோப்பை வைக்கும் சத்தம் ஆகியவற்றை நீங்களே ஃபோனில் பதிந்து சேருங்கள். வசனத்தை அடுத்தவர் முகத்தின்மேல் ஓடவிடுங்கள். பேசுபவரின் வாய் தெரியாதவரை வாக்கியத்தைக் குறைக்கலாம், வரிசை மாற்றலாம், பாதியில் நிறுத்தலாம். கேட்கும் முகங்களை அவ்வளவு அக்கறையாகச் சேர்க்கச் சொன்னது இதற்குத்தான்.

புதிய இசை வேண்டுமா என்பதைக் கடைசியில் கேளுங்கள். அந்த இயக்குநரின் இசையமைப்பாளரையே கொண்டுவந்து ஒட்டினால் வேலை எளிதாகத்தான் முடியும். ஆனால் பாணியைச் சுமப்பது பாட்டு மட்டும்தான் என்று ஆகிவிடும். இசையை அணைத்துப் பார்த்தாலும் அந்த இயக்குநர் தெரிகிறாரா? தெரிந்தால் இசையைச் சேருங்கள்.

ஃப்ரேம், கலர், எழுத்து

2.39 விகித அகலத் திரையை 1.33-க்கு வெட்டினால் படத்தின் அகலத்தில் 56 சதவீதம்தான் மிஞ்சும். யாரை உள்ளே வைப்பது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாக முடிவெடுங்கள். எல்லாவற்றையும் நடுவில் வெட்டினால் இரண்டு பேரின் நடுவில் இருக்கும் சுவர்தான் மிஞ்சும்.

கறுப்பு வெள்ளை என்றால் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) பூஜ்யமாக்கினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறச் சேனல்களைத் தனித்தனியாகக் கலந்து பாருங்கள். சிவப்பைக் கூட்டினால் முகம் பளிச்சிடும், நீல வானம் கறுக்கும். நீலத்தைக் கூட்டினால் தோல் கறுத்து, முகத்தின் ஒவ்வொரு கோடும் வெளியே வரும். எல்லா ஷாட்களும் ஒரே வெளிச்சத்தில் நடப்பதுபோலச் சமப்படுத்திய பிறகுதான் இயக்குநரின் சாயத்தைப் பூச வேண்டும். வேறு காட்சிகளிலிருந்து திருடிய முகங்கள் காட்டிக்கொடுப்பது இங்கேதான். எழுத்துரு ஒரு நிமிட வேலை, அதை அதிகம் பேச வேண்டியதில்லை.

காட்டுவதும் வெளியிடுவதும்

இரண்டு வகை ஆட்களிடம் காட்டுங்கள். மூலப் படத்தைப் பார்க்காத ஒருவருக்குக் காட்சி புரிகிறதா என்பது முதல் சோதனை. அந்த இயக்குநரை நன்றாக அறிந்த ஒருவரிடம் பெயரைச் சொல்லாமல் காட்டி, யாருடைய கை என்று கேட்பது அடுத்தது. இரண்டாமவர் டைட்டில் வரும்போது கண்டுபிடித்தால், டைட்டிலை எடுத்துவிட்டு மறுபடி உட்காருங்கள்.

யூடியூபில் ஏற்றினால் கன்டென்ட் ஐடி தானாகவே படத்தையும் இசையையும் அடையாளம் காணும். தடையோ, வருமான உரிமைக் கோரலோ வரலாம். உங்கள் பயன்பாடு நியாயமானது என்று நம்பினால் மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு; ஆனால் மறுப்பு தோற்றுப் புகாராக மாறினால் சேனலுக்கே பாதிப்பு வரலாம். பணம் சம்பாதிக்கும் வசதியை அணைத்துவையுங்கள். இது ரசிகர் மறுதொகுப்பு என்று தலைப்பிலேயே சொல்லுங்கள், மூல இயக்குநர், படத்தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர் பெயர்களைப் போடுங்கள். பெயர் போட்டதால் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடாது, ஆனாலும் அது மரியாதை.

வீடியோவை வெளியிடவே தயக்கமா? வெட்டுப்பட்டியலை மட்டும் கொடுக்கலாம். டைம்லைனை இடிஎல் கோப்பாக ஏற்றுமதி செய்தால் எந்த ஷாட் எந்த நேரக்குறியில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற எழுத்து வடிவக் கணக்கு கிடைக்கும். அதில் படத்தின் ஒரு ஃப்ரேம்கூட இருக்காது. அதே பதிப்பைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் கட்டைத் தன் கணினியில் மறுபடி கட்டிப் பார்க்கலாம். மூலக் கோப்பின் பதிப்பு, ஓடும் நேரம், ஃப்ரேம் வேகம் மூன்றையும் கூடவே எழுதிக் கொடுங்கள். ஒரே படத்தின் இரண்டு வெளியீடுகளில் தொடக்க லோகோ சில வினாடி வித்தியாசப்பட்டாலும் கட்டுகள் எல்லாம் நகர்ந்துவிடும்.